தட்டணு எப்போது ஒட்டும், எப்போது ஒட்டாது? இரத்த உறைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை எடுத்த வீட்டில் எல்லாரும் முதலில் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். அந்த எண் முக்கியம். ஆனால் இரத்தம் உறைவதும் உறையாமல் ஓடுவதும் அந்த எண்ணால் மட்டும் தீர்மானமாவதில்லை. ஒவ்வொரு தட்டணுவுக்கும் (பிளேட்லெட்டுக்குத் தமிழ்ப் பெயர் அதுதான்) வெளியிலிருந்து என்ன செய்தி வருகிறது, உள்ளே எந்தப் புரதம் அதைக் கைமாற்றுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. சில வருடங்கள் இரத்த வங்கியிலும் அதை ஒட்டிய பரிசோதனைக் கூடத்திலும் வேலை பார்த்தபோது நோயாளிகளும் உறவினர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். மாத்திரை, சிகிச்சை விஷயத்தில் உங்களை நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

தட்டணு என்பது ஒரு செல்லா?

முழு செல் என்று சொல்ல முடியாது. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற மிகப் பெரிய செல்கள் இருக்கின்றன. அவை இரத்தக்குழாய்க்குள் நீளமான இழைகளை நீட்டும். அந்த இழைகள் துண்டு துண்டாக உதிர்ந்து தட்டணுக்கள் ஆகின்றன. அகலம் 2 முதல் 3 மைக்ரான். சிவப்பணுவில் பாதிகூட வராது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் வாழும். அதனால் உடம்பு தினமும் ஏறத்தாழ 10,000 கோடித் தட்டணுக்களைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பிரின் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்று மஜ்ஜைக்கு எப்படித் தெரிகிறது?

கல்லீரல் திராம்போபொய்ட்டின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. தட்டணுக்களின் மேல் அதைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. தட்டணுக்கள் நிறைய இருந்தால் அவையே அதைப் பிடித்து விழுங்கிவிடும், மஜ்ஜைக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். தட்டணுக்கள் குறைந்தால் மிச்சம் அதிகம், மஜ்ஜை வேகமெடுக்கும். தனியாக எண்ணிப் பார்க்க ஓர் ஏற்பாடு தேவையே இல்லை. இந்தப் புரதத்தை 1994-ல்தான் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள்.

நாள் முழுக்க இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிற தட்டணுக்கள் ஏன் தாமாகவே ஒட்டிக்கொள்வதில்லை?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தட்டணு சும்மா இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதை ஒவ்வொரு நொடியும் அமைதியாக வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பது இரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கிற செல்கள்.

அந்தச் செல்கள் புரோஸ்டாசைக்ளின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது தட்டணுவின் ஏற்பியில் அமர்ந்ததும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகும். அது புரத கைனேஸ் ஏ என்ற நொதியைக் கிளப்பும். அந்த நொதி, தட்டணுவை உசுப்பக்கூடிய பல புரதங்களின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்தி அவற்றை அடக்கி வைக்கும். அதே உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவையும் வெளியிடுகிறது. அது சைக்ளிக் ஜிஎம்பி என்ற இன்னொரு வழியில் போய் அதே அமைதியைத் தருகிறது. மூன்றாவதாக, உட்சுவரின் மேல் சிடி39 என்ற நொதி உட்கார்ந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் எங்காவது ஏடிபி (ADP) கசிந்தால் அதை உடனே சிதைத்துவிடும். ஏடிபி என்பது தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்துகிற பொருள்.

புரோஸ்டாசைக்ளினைக் கண்டுபிடித்தது 1976-ல், ஜான் வேனும் சக ஆய்வாளர்களும். நைட்ரிக் ஆக்ஸைடு உடம்பில் ஒரு சமிக்ஞையாக வேலை செய்கிறது என்பதைக் காட்டியதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை நோய், புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு எல்லாம் இந்த உட்சுவரைத்தான் முதலில் கெடுக்கின்றன. சுவர் கெட்டால் "சும்மா இரு" என்று சொல்கிற குரல் தேய்ந்துபோகும். இருக்கிற தட்டணுக்களே போதும், அடைப்பு உண்டாக்க.

அரிவாள்மனையில் விரல் பட்டுவிட்டது. முதல் சில நொடிகளில் என்ன நடக்கிறது?

உட்சுவர் கிழிந்ததும் அதற்கு அடியில் மறைந்திருந்த கொலாஜன் நார் வெளியே தெரியும். இரத்தத்தில் மிதக்கிற வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் அந்த நாரில் போய் ஒட்டும். சாதாரணமாக இது நூல்கண்டு போல் சுருண்டு கிடக்கும். சிறு தமனிகளில் இரத்தம் வேகமாக உரசிப் போகும்போது அந்த இழுவையில் பிரிந்து நீளும். நீண்டதும், அதுவரை மறைந்திருந்த பிடிகள் வெளியே வரும். ஓடுகிற தட்டணுவின் மேலிருக்கிற ஜிபி1பி என்ற ஏற்பி அந்தப் பிடியில் மாட்டும்.

இந்தப் பிடிப்பு உறுதியானது இல்லை. தட்டணு மாட்டும், விடும், மறுபடி மாட்டும். இப்படி உருண்டு உருண்டு வேகம் குறையும். வேகம் குறைந்தால்தான் அடுத்த ஏற்பியான ஜிபி6 நேரடியாகக் கொலாஜனைத் தொட முடியும். தொட்ட பிறகுதான் உள்ளே செய்தி போகிறது.

ஜிபி1பி பிறவியிலேயே சரியில்லாதவர்களுக்கு இந்த முதல் மாட்டலே நடக்காது. ழான் பெர்னார், ழான் பியர் சூலியே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1948-ல் விவரித்த நோய் அது. வான் வில்லிபிராண்ட் நோயை எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-ல் விவரித்தார். பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்து தீவுகளில் ஒரே குடும்பத்தில் பல பேருக்கு இரத்தம் நிற்காமல் போனதைப் பார்த்துத்தான் அவர் அதைத் தேடிப் போனார்.

செய்தி உள்ளே எப்படிப் போகிறது? புரதம் எப்படிப் பேசும்?

பேசுவது என்றால் பெரும்பாலும் பாஸ்பேட் ஒட்டுவது. ஒரு புரதத்தின் மேல் இன்னொரு புரதம் பாஸ்பேட் துணுக்கு ஒன்றை ஒட்டினால் முதல் புரதத்தின் வடிவம் மாறும், அல்லது அந்த இடத்தில் மூன்றாவது புரதம் வந்து அமர வழி பிறக்கும். ஒட்டுகிற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர்.

ஜிபி6 கொலாஜனைப் பிடித்ததும் அதன் வால்பக்கத்துத் துணைப் புரதத்தில் லின், ஃபின் என்ற இரண்டு கைனேஸ்கள் பாஸ்பேட்டை ஒட்டும். அந்தப் பாஸ்பேட்டைப் பார்த்துச் சிக் என்ற கைனேஸ் வந்து அமரும். சிக் இன்னும் சில புரதங்களை ஒரே இடத்தில் கூட்டும். கடைசியில் பாஸ்போலைப்பேஸ் சி காமா-2 என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது சவ்வின் கொழுப்பு மூலக்கூறு ஒன்றை இரண்டாக வெட்டும். ஒரு துண்டு, உள்ளே சேமித்து வைத்திருக்கிற கால்சியத்தைத் திறந்துவிடும். இன்னொரு துண்டு புரத கைனேஸ் சி-யை எழுப்பும்.

கால்சியம்தான் இங்கே திருப்பம். ஓய்வில் இருக்கிற தட்டணுவுக்குள் அதன் அளவு சுமார் 100 நானோமோலார்தான். தூண்டினால் சில நொடிகளில் பத்து மடங்கும் அதற்கு மேலும் ஏறும். தட்டுப் போலிருந்த உருவம் உருண்டையாகும், மேலெல்லாம் கைகால் போல நீட்சிகள் முளைக்கும், உள்ளே இருக்கிற சிறு பைகள் வெளியே கொட்டும்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கமும் சும்மா இருக்காது. தட்டணுவின் மேல் பீகாம்-1, ஜி6பி-பி என்ற அடக்கும் ஏற்பிகள் உண்டு. அவை பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிற நொதிகளைக் கூட்டி வரும். ஒட்டுவதும் கழற்றுவதும் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும். எந்தப் பக்கம் கை ஓங்குகிறதோ அதன்படி தட்டணு நடக்கும். கொஞ்சம் கொலாஜன் பட்டதற்கெல்லாம் உறைந்துவிடாமல் காப்பது இந்த இழுபறிதான்.

ஒரு தட்டணு மற்றவற்றை எப்படிக் கூப்பிடுகிறது?

இரண்டு வழிகளில். ஒன்று, தயாராக வைத்திருப்பதைக் கொட்டுவது. அடர்பைகளில் ஏடிபி, செரட்டோனின், கால்சியம் இருக்கின்றன. ஏடிபி பக்கத்துத் தட்டணுவில் பி2ஒய்1, பி2ஒய்12 என்ற இரண்டு ஏற்பிகளைத் தொடும். முதலாவது கால்சியத்தை ஏற்றும். இரண்டாவது, உட்சுவர் பாடுபட்டு உயர்த்தி வைத்த சைக்ளிக் ஏஎம்பியைக் குறைக்கும். ஒன்று ஆக்சிலேட்டரை மிதிக்கிறது, மற்றது பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறது. இரண்டும் நடந்தால்தான் வண்டி முழுசாக நகரும்.

இன்னொன்று, அந்த நேரத்தில் புதிதாகச் செய்வது. சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலம் பிரியும். காக்ஸ்-1 என்ற நொதியும் அதற்கடுத்த நொதியும் அதைத் திராம்பாக்ஸேன் ஏ2 ஆக மாற்றும். இதன் அரை ஆயுள் சுமார் 30 நொடிதான். அதனால் அது காயத்தைத் தாண்டி வெகுதூரம் போய்க் கலகம் செய்ய முடியாது. கூப்பிடும் குரல் பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்க வேண்டும், ஊருக்குக் கேட்கக் கூடாது என்கிற அளவு இதில் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

திராம்பின் என்ற பெயரை அடிக்கடி கேட்கிறோம். அது எங்கே வருகிறது?

திராம்பினும் தட்டணுவைத் தூண்டும், எல்லாவற்றையும்விட வலுவாக. ஆனால் அதன் முறை வேறு. மற்ற பொருள்கள் ஏற்பியில் சாவி போல் பொருந்துகின்றன. திராம்பின் வெட்டும் நொதி. பார்-1 என்ற ஏற்பியின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அது வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் புதிதாக வெளிப்படுகிற முனை மடங்கி அதே ஏற்பியின் மடியில் போய் அமர்ந்து அதைத் தூண்டுகிறது. ஏற்பி தன் சாவியைத் தன்னிடமே கட்டி வைத்திருக்கிறது, திராம்பின் வந்து கட்டை அவிழ்க்கிறது. ஷான் காக்லினின் குழு 1991-ல் இதைக் காட்டியது.

ஒருமுறை வெட்டிய முனையை ஒட்ட முடியாது. அந்த ஏற்பியைப் பொறுத்தவரை திரும்புகால் இல்லை. மனிதத் தட்டணுவில் பார்-4 என்ற இன்னொன்றும் உண்டு. அதை வெட்டத் திராம்பின் அதிகம் வேண்டும், ஆனால் அதன் சமிக்ஞை நீடித்து நிற்கும்.

சரி, தட்டணுக்கள் ஒன்றோடொன்று எதனால் ஒட்டுகின்றன?

ஒட்டுவது ஆல்பா-2பி பீட்டா-3 என்ற இன்டெக்ரின். இன்டெக்ரின் என்பது சவ்வில் பதிந்து நின்று வெளியே இருப்பதைப் பிடிக்கிற புரதம். ஒவ்வொரு தட்டணுவின் மேலும் சுமார் 80,000 இருக்கும். ஓய்வில் இது தலைகுனிந்து மடங்கிக் கிடக்கும். இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஓடுகிறது, அது இந்த இன்டெக்ரினை உரசிக்கொண்டே போகிறது. ஆனாலும் ஒட்டாது.

கால்சியம் ஏறியதும் ராப்1 என்ற சிறு புரதம் விழிக்கும். அது டாலின் என்ற புரதத்தைச் சவ்வின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவரும். டாலினும் கிண்ட்லின்-3 என்ற துணையும் இன்டெக்ரினின் வாலைப் பிடித்து இழுக்கும். வாலை உள்ளே இழுத்தால் தலை வெளியே நிமிரும். நிமிர்ந்த தலை ஃபைப்ரினோஜனைப் பிடிக்கும். ஃபைப்ரினோஜனுக்கு இரண்டு பக்கமும் கை உண்டு, மறுகையைப் பக்கத்துத் தட்டணு பிடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு அடைப்பு வளர்கிறது.

கொலாஜன், ஏடிபி, திராம்பாக்ஸேன், திராம்பின் என்று எந்த வாசல் வழியாகச் செய்தி வந்தாலும் கடைசியில் எல்லாம் வந்து சேருவது இந்த ஒரு புரதத்தில்தான்.

தட்டணு அடைப்பும் இரத்த உறைவும் ஒன்றுதானா?

இல்லை, ஆனால் ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. தட்டணு அடைப்பு நொடிகளில் உருவாகும், ஆனால் தளர்வானது. அதைக் கட்டிப் போட ஃபைப்ரின் வலை வேண்டும். ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக மாற்றத் திராம்பின் வேண்டும். திராம்பின் செய்கிற காரணிகள் கூடி வேலை செய்ய ஒரு தளம் வேண்டும். அந்தத் தளத்தைத் தருவது தட்டணுவேதான். கால்சியம் மிக அதிகமாகி நீடித்தால், சவ்வின் உட்பக்கத்தில் இருக்கிற பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் புரண்டு வரும். டிமெம்16எஃப் என்ற புரதம் அதைப் புரட்டுகிறது. அந்தக் கொழுப்பின் மேல் காரணி பத்தும் ஐந்தும் சேர்ந்து அமர்ந்து புரோதிராம்பினைத் திராம்பினாக வெட்டித் தள்ளும். காரணி பதின்மூன்று ஃபைப்ரின் இழைகளைக் குறுக்கே தைக்கும். அப்புறம் தட்டணுக்களின் உள்ளே இருக்கிற ஆக்டினும் மயோசினும் வலையை இழுத்துச் சுருக்கும். சோதனைக் குழாயில் வைத்த இரத்தம் ஒரு மணி நேரத்தில் சுருங்கி, சுற்றிலும் மஞ்சள் நீர் பிரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுருக்கம் தட்டணுக்களின் உழைப்பு.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். கஸ்தாவ் பார்ன் 1962-ல் வெளியிட்ட முறை இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. தட்டணு நிறைந்த பிளாஸ்மாவை (சிவப்பணுக்களைப் பிரித்தெடுத்த இரத்தத் திரவத்தை) ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து 37 டிகிரியில் வைத்து, உள்ளே குட்டிக் காந்தத் துண்டைச் சுழல விட வேண்டும். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் போகும். பிளாஸ்மா கஞ்சித்தண்ணி போலக் கலங்கி இருப்பதால் வெளிச்சம் அதிகம் கடக்காது. இப்போது ஒரு துளி ஏடிபி விட வேண்டும். முதலில் வரைபடத்தின் கோடு சற்றே கீழே இறங்கும். தட்டு உருண்டையாகிற நொடி அது. அடுத்து கோடு விறுவிறுவென்று மேலே ஏறும். குழாயைப் பார்த்தால் கலங்கல் தெளிந்து, வெள்ளைத் துகள்கள் சுழன்றுகொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் நோட்டில் எழுதவே மறந்துவிட்டேன்.

ஆல்பா-2பி பீட்டா-3 பிறவியிலேயே சரியில்லாத கிளான்ஸ்மன் நோய் உள்ளவரின் இரத்தத்தில் அந்தக் கோடு கொஞ்சம் இறங்கும், ஆனால் ஏறாது. செய்தி உள்ளே போய்விட்டது, உருவமும் மாறிவிட்டது, கோத்துக்கொள்ளக் கை இல்லை. ரிஸ்டோசெடின் என்ற பொருளை விட்டால் மட்டும் பதில் வரும், ஏனென்றால் அது ஜிபி1பி வழி. பெர்னார்-சூலியே நோயில் நேர் எதிர்: மற்றதற்கெல்லாம் ஏறும், ரிஸ்டோசெடினுக்கு ஏறாது. ஒரே கோட்டை வைத்து எந்தப் புரதம் இல்லை என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் எண்ணிக்கை சரியாக இருந்தும் இரத்தம் நிற்காமல் போகலாமா?

போகலாம். கிளான்ஸ்மன் நோயில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எடுவார்ட் கிளான்ஸ்மன் 1918-ல் விவரித்தார். ஆல்பா-2பி பீட்டா-3 இல்லாமலோ வேலை செய்யாமலோ இருப்பதுதான் காரணம் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. சிறு வயதிலிருந்தே மூக்கில் இரத்தம், ஈறில் இரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள், பெண் பிள்ளைகளுக்கு வயதுக்கு வந்ததும் நிற்காத உதிரப்போக்கு.

உலகில் அபூர்வமான இந்த நோய் நெருங்கிய உறவில் மணம் செய்கிற சமூகங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. தென்னிந்தியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டுவது நம் வீடுகளில் பழக்கம். இரண்டு பேரும் ஒரே மூதாதையரிடமிருந்து அதே பழுதான மரபணுவைச் சுமந்திருக்க வாய்ப்பு கூடுகிறது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீட்டில் ஒரு பிள்ளைக்கு இப்படி இருந்து, "பிளேட்லெட் எண்ணிக்கை நார்மல், ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டால், இரத்தநோய் மருத்துவரிடம் தட்டணுவின் செயல்பாட்டுப் பரிசோதனை கேளுங்கள். வருடக்கணக்கில் பெயர் தெரியாமல் அல்லாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பிரின் இவ்வளவு சின்ன அளவில் எப்படி வேலை செய்கிறது?

ஆஸ்பிரின் காக்ஸ்-1 நொதியின் ஒரு செரின் அமினோ அமிலத்தில் அசிட்டைல் துணுக்கை ஒட்டி வாசலை அடைத்துவிடுகிறது. அந்தப் பிணைப்பு அவிழாது. உட்கரு உள்ள செல் என்றால் புது நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்ய வழியில்லை. சாகும்வரை அதனால் திராம்பாக்ஸேன் செய்ய முடியாது. அதனால்தான் வலிக்குப் பல நூறு மில்லிகிராம் தேவைப்படுகிற மருந்து, மாரடைப்பு வந்தவருக்கு 75 முதல் 100 மில்லிகிராமில் போதுமாகிறது. மாத்திரையை நிறுத்தினால் விளைவு மறுநாளே போகாததும் இதனால்தான். தினமும் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதிதாக வந்து பழையவை போக வேண்டும்.

ஆஸ்பிரின் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் இருவரோடு சேர்ந்து நோபல் பெற்றார்.

மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென் போடுகிறவர்கள் கவனிக்க: அது அதே வாசலில் தற்காலிகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்பிரினுக்கு முன்னால் அதைப் போட்டால் ஆஸ்பிரின் உள்ளே போக இடம் கிடைக்காது. இரண்டையும் எடுக்கிறவர்கள் நேர இடைவெளியை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் வைத்த பிறகு ஏன் இரண்டு மாத்திரை?

திராம்பாக்ஸேன் ஒரு குரல், ஏடிபி இன்னொரு குரல். ஆஸ்பிரின் முதலாவதை அடைக்கும். குளோபிடோக்ரெல், பிராசுக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவை பி2ஒய்12 ஏற்பியை அடைக்கும். ஸ்டென்ட் என்பது வெறும் உலோகக் கம்பி வலை. அதன் மேல் உட்சுவர் படர்ந்து மூடும்வரை "சும்மா இரு" என்று தட்டணுவிடம் சொல்ல அந்த இடத்தில் ஆள் இல்லை. அதனால் இரண்டு குரலையும் சில மாதங்கள் அடக்கி வைக்கிறார்கள். பல் பிடுங்க வேண்டும், ஊருக்குப் போக வேண்டும் என்று இதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தலாமா, எத்தனை நாள் என்று இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

குளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றித் தர வேண்டும். அந்த நொதி மந்தமாக இருக்கிற மரபணு வடிவம் ஆசிய மக்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம். மாத்திரையைச் சரியாகப் போட்டும் சிலருக்குப் பலன் குறைவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு செய்தி: குளோபிடோக்ரெல் அமெரிக்காவில் 1997-லேயே அனுமதி பெற்றுவிட்டது. அது அடைக்கிற ஏற்பி எது என்று 2001-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

பாம்பு விஷத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு, நம் ஊர்ப் பாம்புகளோடேயே உண்டு. கண்ணாடி விரியனின் விஷம் காரணி பத்தையும் ஐந்தையும் நேரடியாகக் கிளப்பிவிடும். சுருட்டை விரியனின் விஷம் புரோதிராம்பினையே வெட்டும். உடம்பெங்கும் கண்டபடி சிறு சிறு உறைவுகள் உண்டாகி ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு இரத்தம் உறையாது. கடித்த இடத்திலும் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வரும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ஓடினால் விஷமுறிவு மருந்து போட வேண்டும். கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு வேண்டும், ஏனென்றால் உறைவைத் தொடங்கி வைப்பது கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் முடிவு தப்பாகும். விஷமுறிவு மருந்துக்கான விஷம் பெருமளவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இயங்குகிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

அதே சுருட்டை விரியனின் விஷத்தில் எக்கிஸ்டாட்டின் என்ற குட்டிப் புரதம் இருக்கிறது. அது ஆல்பா-2பி பீட்டா-3 இன்டெக்ரினின் பிடியில் போய் அமர்ந்து ஃபைப்ரினோஜனை நெருங்க விடாது. அதன் வடிவத்தைப் படித்துத்தான் டைரோஃபிபான் என்ற மருந்தை வடிவமைத்தார்கள். அமெரிக்காவின் குட்டிக் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றின் விஷத்தைப் பார்த்து எப்டிஃபிபடைடு வந்தது. இரண்டும் 1998-ல் அங்கே அனுமதி பெற்றன, மாரடைப்பு நேரத்தில் சிரை வழியாகத் தருகிறார்கள்.

டெங்குவில் பிளேட்லெட் 30,000. உடனே ஏற்ற வேண்டாமா?

பதறாதீர்கள். டெங்குவில் மஜ்ஜை கொஞ்ச நாள் தளர்கிறது. இருக்கிற தட்டணுக்களும் வைரஸாலும் நோய் எதிர்ப்புப் பொருள்களாலும் தூண்டப்பட்டுச் செலவாகின்றன. ஏற்றுகிற புதுத் தட்டணுக்களும் அதே சூழலுக்குள்தான் போகின்றன. அதனால் எண் சற்று ஏறி மறுபடி இறங்கும். 2017-ல் வெளிவந்த சிங்கப்பூர், மலேசிய ஆய்வில் 20,000-க்கும் கீழே இறங்கிய, பெரிய இரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றிப் பார்த்தார்கள். இரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. இந்தியாவின் தேசிய வழிகாட்டுதலும் இரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றச் சொல்கிறது.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து அதிகம் வருவது இரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து பிளாஸ்மா கசிவதால். அதை ஹிமடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதும், இரத்த அழுத்தமும், சிறுநீர் அளவும் காட்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, மயக்கம், ஈறிலோ மலத்திலோ இரத்தம் இவற்றைக் கவனியுங்கள். காய்ச்சல் விட்டு வரும் ஓரிரு நாள்தான் அபாயமான கட்டம், அப்போது கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டவே வேண்டாம். எண்ணிக்கை குறைந்திருக்கிற நேரத்தில் இருப்பவற்றின் வாயையும் கட்டிப் போட்ட மாதிரி ஆகும்.

தானமாக வாங்கிய தட்டணுவை ஏன் ஃபிரிட்ஜில் வைப்பதில்லை?

பைகளை மெதுவாக ஆட்டும் கருவியில் 20 முதல் 24 டிகிரியில், ஐந்து நாள்தான் வைத்திருப்போம். குளிர்ந்தால் தட்டணுவின் உருவம் மாறும். மேலிருக்கிற ஜிபி1பி ஏற்பிகள் ஒன்றாகக் குவியும். அப்படிப்பட்ட தட்டணுவை நோயாளிக்கு ஏற்றினால் கல்லீரல் அதை அடையாளம் கண்டு சீக்கிரமே இரத்தத்திலிருந்து எடுத்துவிடும். ஆட்டுவது எதற்கென்றால், காற்று பைக்குள் போய்வர வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் சேரும்.

பையை வெளியே அனுப்புவதற்கு முன் ஒரு வேலை உண்டு. டியூப் லைட்டுக்கு எதிரே பையைப் பிடித்து மெதுவாக அழுத்தித் திருப்புவோம். நல்ல தட்டணுக்கள் இன்னும் தட்டு வடிவில் இருந்தால், வெளிச்சம் அவற்றின் மேல் பட்டு, வெளிர் மஞ்சள் திரவத்துக்குள் பட்டுத்துணி மடிப்பு நெளிவது போல ஒரு மினுமினுப்பு சுழன்று போகும். உருண்டையாகிவிட்ட தட்டணுக்களில் அது வராது, திரவம் மந்தமாகத் தெரியும். ஒரு பையில் எண்ணிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த நெளிவு இல்லையென்றால் நாங்கள் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம்.